'பிளான் பி எங்க கோச்?' - தடுமாறும் கால்பந்து அணிக்கு மாற்றுத் திட்டம் உண்மையிலேயே தேவையா?

முதல் மேட்ச் தோற்றால் ரெஃப்ரி சரியில்லை. இரண்டாவது தோற்றால் அதிர்ஷ்டம் இல்லை. மூன்றாவதும் தோற்றுவிட்டால் ரசிகர்கள் எல்லாரும் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள்: "இந்த கோச்சுக்கு பிளான் பி-யே கிடையாதா?"

காஞ்சிபுரத்தில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கேள்வி வராத சீசனே இல்லை. பாதிப் பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். சென்னை நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் என்றால் லீவு சொல்லி, 75 கிலோமீட்டர் போய், நள்ளிரவு தாண்டி வீடு திரும்புகிறவர்கள். அவ்வளவு தூரம் போய் 0-3 பார்த்துவிட்டு வந்தால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கோச்சின் பாக்கெட்டில் இன்னொரு பேப்பர் இருக்கும், அதை எடுத்து விரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மை? வெளிநாட்டு உதாரணங்களுக்கு அப்புறம் போகலாம். நம்ம ஊர் கணக்கே போதுமான அளவுக்கு இருக்கிறது.

ஒரே வருஷம், இரண்டு சென்னை அணிகள்

2018-19 சீசனை எடுத்துக்கொள்வோம். இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி நடப்பு சாம்பியன். 2018 மார்ச் 17-ல் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு எஃப்.சி-யை அதன் சொந்த ரசிகர்கள் முன்னாலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிய அணி. சுனில் சேத்ரி 9-வது நிமிஷத்திலேயே கோல் போட்டும் அசராமல், மைல்சன் ஆல்வஸ் கார்னரிலிருந்து தலையால் முட்டிய இரண்டு கோல்களும், ரஃபேல் அகஸ்டோவின் ஒரு கோலுமாகத் திருப்பி அடித்தது. பயிற்சியாளர் ஜான் கிரகரி. உறுதியான தடுப்பு, கார்னர், ஃப்ரீகிக், கிடைத்த வாய்ப்பை விடாமல் முடிப்பது. இதுதான் அவருடைய பிளான் ஏ.

அடுத்த சீசனில் அதே கோச், ஏறக்குறைய அதே பாணி. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளிகள், கடைசி இடம்.

அதே 2018-19-ல் ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்.சி. பெயர்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த சில வீரர்கள், தமிழ்நாட்டுப் பையன்கள், இவர்களை வைத்துக்கொண்டு பந்தைத் தரையிலேயே பாஸ் செய்து ஆடுகிற ஒரே பாணி. கோல் வாங்கினாலும் அதேதான், கோல் அடித்தாலும் அதேதான். கடைசி நாள் 2019 மார்ச் 9, மினர்வா பஞ்சாபுக்கு எதிராக ஆரம்பத்திலேயே 0-1 பின்தங்கினார்கள். ஒரு புள்ளி நழுவினாலும் ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தட்டிச் செல்லக்கூடிய நிலை. கடைசியில் 3-1 வெற்றி. பெத்ரோ மான்சி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. சாம்பியன்!

ஒரு அணி திட்டத்தை மாற்றாமல் அடிமட்டத்துக்குப் போனது. இன்னொன்று மாற்றாமல் உச்சிக்குப் போனது. அப்போ, 'மாற்று, மாற்றாதே' என்பது கேள்வியே இல்லையா?

பிளான் பி என்று எதைச் சொல்கிறோம்?

பேச்சுவழக்கில் நாலைந்து வேறு வேறு விஷயங்களை ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், அதுதான் குழப்பம். ஆள் மாற்றுவது ஒன்று. ஃபார்மேஷன் மாற்றுவது, அதாவது பின்வரிசையில் நாலு பேருக்குப் பதில் மூன்று பேர், இப்படி. பந்து போகிற பாதையை மாற்றுவது இன்னொன்று: நடுவில் பாஸ் பாஸாகப் போவதை விட்டுவிட்டு, ஓரத்திலிருந்து உயரமாகத் தூக்கிப் போடுவது. எங்கே நின்று எதிரணியை மறிக்கிறோம் என்பதை மாற்றுவதும் உண்டு. டிவியில் பார்க்கும்போது முதல் இரண்டுதான் பளிச்சென்று தெரியும். ஸ்க்ரீனில் கிராஃபிக்ஸ் வேறு போடுவார்கள். பெரும்பாலும் ஆட்டத்தைத் திருப்புவது என்னவோ கண்ணுக்குத் தெரியாத கடைசி இரண்டுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை வேறு மாதிரி சொன்னால் சட்டென்று புரியும். பிள்ளையார்பாளையம் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தறி சத்தம் அலாரம் மாதிரி. பட்டுத் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழை பாவு, குறுக்கே ஓடுகிற இழை ஊடை. ஒரு பாவு ஏற்றினால் வழக்கமாக மூன்று சேலை. ஊடை நிறத்தை நடுவில் மாற்றலாம், முந்தானையில் வேறு வேலை காட்டலாம். ஆனால் பாவில் கை வைக்கணும் என்றால் தறியை நிறுத்தணும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து முறுக்கணும். ஆயிரக்கணக்கான இழை, நாள் கணக்கில் வேலை.

கால்பந்து அணியின் பாவு என்பது சீசன் தொடங்கும் முன் எடுத்த வீரர்கள், பயிற்சி முகாமில் ஏறிய பழக்கங்கள், உடல் தகுதி. ஊடை என்பது வாராவாரம் மாற்றக்கூடியவை. "பிளான் பி எங்க?" என்று கேட்கும்போது நாம் எதை மாற்றச் சொல்கிறோம் என்று முதலில் தெளிவாக வேண்டும். 2018-19 கிரகரி அணியில் பாவே அறுந்திருந்தது. கோப்பை வென்ற அணியின் தடுப்பாட்டத்தில் நின்ற ஹென்ரிக் செரெனோ போய்விட்டார். நடுக்களத்தைக் காத்த தனபால் கணேஷ் காயத்தில் வெளியே. ஜெஜெ லால்பெக்லுவாவின் கால்களில் கோல் வறண்டுபோனது. ஜனவரியில் சி.கே.வினீத்தைக் கடனுக்கு வாங்கி வந்து பார்த்தார்கள். ஊடையை மாற்றி அதைச் சரிசெய்ய முடியவில்லை.

கோய்ல் என்ன செய்தார்?

இப்போ கதையின் முக்கியமான பகுதிக்கு வருவோம். 2019-20 சீசன்.

கிரகரியே தொடர்ந்தார். ஆனால் முன்வரிசை புதுசு. லித்துவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ், பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரி, கூடவே நம்ம லாலியன்சுவாலா சாங்டே. பேப்பரில் பார்த்தால் பயமுறுத்துகிற கூட்டம். மைதானத்தில்? முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. கோவாவிடம் 0-3, மும்பையுடன் 0-0, ஏ.டி.கே-யிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. ஐந்தாவது ஆட்டத்தில் ஹைதராபாத்தை 2-1 என்று இன்ஜுரி டைமில் போராடி வென்றார்கள். ஆறாவதில் ஒடிஷாவுடன் 2-2. ஆறு ஆட்டம், 5 புள்ளி, 4 கோல். நவம்பர் கடைசியில் கிரகரி விலகினார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் கோய்ல் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 2009-ல் பர்ன்லி அணியை இங்கிலீஷ் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டவர். சீசன் நடுவில் வருகிற கோச்சுக்குப் பயிற்சி முகாம் நடத்த நேரம் கிடையாது. இந்தியா முழுக்கப் பறக்கிற அட்டவணையில் ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே கிடைப்பது சில நாட்கள்தான். பாவில் கை வைக்க வழியில்லை.

அவர் தொட்டது இரண்டு விஷயம். ஒன்று, முன்வரிசை எங்கே ஓட ஆரம்பிக்கிறது என்பது. பந்து பறிபோனால் எல்லாரும் பின்னால் ஓடி வந்து நிற்பதற்குப் பதிலாக, எதிரணியின் பாதியிலேயே மேலே விழுந்து பறிக்கச் சொன்னார். இரண்டு, பறித்த பந்து எங்கே போகிறது என்பது. பக்கவாட்டில், பின்னால் என்று சுற்றாமல் சீக்கிரமாக முன்னால், முடிந்தால் கிரிவெல்லாரோவின் இடது காலுக்கு. அவர் தலையைத் தூக்கினால் வால்ஸ்கிஸ் ஒரு பக்கம், சாங்டே ஒரு பக்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பார்கள். முன்னால் அதே முகங்கள்தான். வேகமும் திசையும்தான் வேறு.

ரிசல்ட்டைக் கூட்டிப் பார்த்தேன். கிரகரியின் 6 ஆட்டத்தில் 4 கோல் அடித்து, 10 கோல் வாங்கியிருக்கிறார்கள். கோய்லின் 12 லீக் ஆட்டத்தில் 28 அடித்து, 16 வாங்கியிருக்கிறார்கள். சராசரி போட்டால், ஒரு ஆட்டத்துக்கு வாங்கும் கோல் 1.67-லிருந்து 1.33-க்குத்தான் இறங்கியது. அடிக்கும் கோலோ 0.67-லிருந்து 2.33-க்குத் தாவியது. மூன்றரை மடங்கு! 'தடுப்பு சரியில்லை, அதனால்தான் தோற்கிறோம்' என்று நாங்கள் எல்லாம் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில், பிரச்னை வேறு இடத்தில் இருந்திருக்கிறது. கோய்ல் தடுப்பைப் பெரிதாகச் சரிசெய்யவில்லை. இரண்டு வாங்கினால் மூன்று அடிக்கிற அணியாக மாற்றினார். கொச்சியில் போய்க் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்ததெல்லாம் அந்தக் கணக்குதான்.

ஆனால் இந்தக் கதையில் பொதுவாக யாரும் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. கோய்லின் முதல் நாலு ஆட்டம்: ஜாம்ஷெட்பூருடன் 1-1, கேரளாவுடன் 3-1 வெற்றி, கோவாவிடம் 3-4 தோல்வி, ஒடிஷாவிடம் 0-2 தோல்வி. நாலு ஆட்டத்தில் 4 புள்ளி. கிரகரியின் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் பரவாயில்லை. 2020 ஜனவரி 6 அன்று புவனேஸ்வரில் தோற்ற அந்த ராத்திரி, 10 ஆட்டத்தில் 9 புள்ளி. அதாவது, கடைசி இடம் பிடித்த முந்தைய சீசன் முழுக்க எடுத்த அதே 9. அன்றைக்கு எங்கள் குரூப்பில் 'பிளான் பி-யும் ஊத்திக்கிச்சு' என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகு 8 ஆட்டம், 6 வெற்றி, 2 டிரா. தோல்வியே இல்லை. 20 புள்ளி. நாலாவது இடம், பிளே-ஆஃப். அரையிறுதியில் லீக்கின் முதலிடக்காரர்களான கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்து, அங்கே போய் 2-4 என்று தோற்று, மொத்தத்தில் 6-5 என்று மூச்சுவாங்கிக் கொண்டு இறுதிப் போட்டி. வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல், கோல்டன் பூட்.

ஆக, மாற்றுத் திட்டம் வேலை செய்தது. ஆனால் வேலை செய்ய ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. நிர்வாகம் ஜனவரி 6 அன்று பொறுமை இழந்து பிளான் சி-க்குப் போயிருந்தால், அந்த 8 ஆட்டம் நடந்தே இருக்காது.

இறுதிப் போட்டியில் என்ன ஆச்சு?

2020 மார்ச் 14, கோவா ஃபடோர்டா. கொரோனா வந்துவிட்டதால் காலி கேலரி. எதிரே அந்தோனியோ ஹபாஸின் ஏ.டி.கே. பின்வரிசையில் மூன்று பேர், தேவைப்பட்டால் ஐந்து பேர், இடத்தை அடைத்துக்கொண்டு நின்று, பந்து கிடைத்ததும் பாய்கிற அணி. 10-வது நிமிஷத்தில் ஹாவி எர்னாந்தஸ், இடைவேளை முடிந்த கையோடு எடு கார்சியா. 0-2. வால்ஸ்கிஸ் ஒன்று திருப்பினார். முழுமூச்சாக முன்னால் ஏறிய நேரத்தில், கடைசி நொடிகளில் ஹாவி மூன்றாவதைப் போட்டு முடித்தார். 1-3.

இங்கேதான் பிளான் பி கேள்வி திரும்ப வருகிறது. கோய்லின் பாணிக்கு முன்னால் திறந்த வெளி வேண்டும். எதிரணி ஏறி வந்தால்தான் பின்னால் இடம் கிடைக்கும். இரண்டு கோல் முன்னிலையோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த அணிக்கு எதிராக அந்த வேகத்தை எங்கே ஓட்டுவது? நேற்றைய பிளான் பி இன்றைக்கு பிளான் ஏ ஆகிவிட்டது. எதிராளி அதைப் படித்துவிட்டார்.

அடுத்த சீசன் இன்னும் தெளிவாகக் காட்டிக் கொடுத்தது. கோய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள் (2021-22-ல் கோய்ல் அங்கே லீக் ஷீல்டே வென்றார்). சென்னையில் சபா லாஸ்லோ பொறுப்பேற்றார். சீசன் நடுவில் கிரிவெல்லாரோவும் காயமடைந்து வெளியேறினார். 20 ஆட்டத்தில் 11 டிரா, அடித்தது வெறும் 17 கோல், எட்டாவது இடம். 'திட்டம்' என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது, பாதிக்கு மேல் ஒரு மனிதனின் இடது கால்!

2015 என்று ஒன்று இருக்கே?

மறக்கவில்லை. மார்கோ மட்டராஸி காலத்து சென்னையின் எஃப்.சி அந்த சீசனில் ஒரு கட்டத்தில் அட்டவணையின் அடியில் கிடந்தது. கடைசி நாலு லீக் ஆட்டங்களையும் வென்று மேலே வந்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டி வந்தது. அங்கே ஏ.டி.கே-யை 3-0. இறுதியில் கோவாவை 3-2, கடைசி நிமிஷங்களில் 1-2 என்று பின்தங்கியிருந்து, இன்ஜுரி டைமில் ஸ்டீவன் மெந்தோசா அடித்த கோலால்.

இதைப் பெரிய தந்திரத் திருப்பம் என்று எழுதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அணியின் பிளான் ஏ-வும் மெந்தோசாதான், பிளான் பி-யும் மெந்தோசாதான். 13 கோல் அடித்த மனிதர். சில சமயம் திட்டம் தப்பாக இருக்காது, காயம், களைப்பு, பதற்றம் என்று ஏதோ ஒன்று அதை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அது விலகினால் அதே திட்டம் ஓடும். அப்போது திட்டத்தைக் கிழித்துப் போட்டால் நஷ்டம்தான்.

அப்போ எப்போ மாற்றணும், எப்போ காத்திருக்கணும்?

இதற்கு ஓரளவு நேர்மையான அளவுகோல் ஒன்று உண்டு. ஸ்கோரைப் பார்க்காதீர்கள், வாய்ப்புகளைப் பாருங்கள். இப்போதெல்லாம் மேட்ச் முடிந்ததும் எக்ஸ்ஜி என்று ஒரு எண் காட்டுகிறார்களே, அதுதான். ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு சாத்தியம் என்று பழைய ஷாட்களை வைத்துப் போடும் மதிப்பெண் அது. ஒரு பெனால்டிக்குச் சுமார் 0.78. முப்பது கஜத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் 0.03 மாதிரி வரும். நாலு மேட்ச் தோற்றாலும் எக்ஸ்ஜி-யில் எதிராளியைவிட மேலே இருந்தால், திட்டம் வாய்ப்பை உருவாக்குகிறது, முடிப்பதில்தான் சிக்கல் என்று அர்த்தம். காத்திருக்கலாம். பந்து 65% நேரம் நம்மிடம் இருந்தும் அந்த எண் 0.4-லேயே நொண்டினால், எத்தனை மாதம் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது.

2022 உலகக் கோப்பை ஸ்பெயின் இதற்குப் பாடப்புத்தகம். மொராக்கோவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேல் பாஸ், 120 நிமிஷம், பூஜ்யம் கோல். பெனால்டி ஷூட்-அவுட்டில்கூட ஒன்றும் போகவில்லை, 0-3.

அதே கோப்பையில் மறுபக்கம் ஜப்பான். நவம்பர் 23, ஜெர்மனியிடம் இடைவேளையில் 0-1. முதல் பாதியில் பந்தையே பார்க்கவில்லை. ஹஜிமே மொரியாசு இடைவேளையில் குபோவை வெளியே எடுத்து டோமியாசுவைக் கொண்டுவந்தார். பின்வரிசையை மூன்றாக்கினார். பிறகு மிட்டோமா, அசானோ, டோஆன் என்று ஒவ்வொருவராக உள்ளே. 75-ல் டோஆன், 83-ல் அசானோ. இரண்டு கோலும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள். ஸ்பெயினையும் இதே பாணியில் 2-1. அந்த ஆட்டத்தில் ஜப்பானிடம் பந்து இருந்தது 18%-க்கும் குறைவு.

'பார்த்தீங்களா, பிளான் பி!' என்று உற்சாகமாவதற்கு முன்னால், இந்த இரண்டு வெற்றிகளுக்கும் நடுவில் நடந்ததையும் பார்க்கணும். கோஸ்டா ரிகாவிடம் ஜப்பான் 0-1 என்று தோற்றது. ஸ்பெயினிடம் 0-7 வாங்கிய அதே கோஸ்டா ரிகா. அவர்கள் பந்தை ஜப்பானிடமே கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றார்கள். பந்து இல்லாமல் ஆடத் தெரிந்த அணிக்கு, பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அன்றைக்குத் தெரியவில்லை. ஃபடோர்டாவில் சென்னைக்கு வந்த அதே சிக்கல்தான்.

பிடிவாதக்காரர்களும் கடைசியில் இறங்கி வருகிறார்கள் என்பதற்கு ஆஞ்ச் போஸ்டகாக்ளு. 2023 நவம்பரில் செல்சீக்கு எதிராக ஒன்பது பேராகக் குறைந்த பிறகும் டாட்டன்ஹாம் தடுப்பு வரிசையை மைதானத்தின் நடுக்கோட்டிலேயே நிறுத்தி 1-4 வாங்கியவர். 2025 மே 21, யூரோப்பா லீக் இறுதி. அதே மனிதர், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஒரு கோல் அடித்துவிட்டுப் பெட்டிக்குள் அத்தனை பேரையும் அடைத்துவைத்து 1-0 என்று கோப்பையை வாங்கினார். லீக்கில் அந்த சீசன் 17-வது இடம், அது வேறு விஷயம். பதினாறு நாளில் வேலையும் போனது!

ஆட்டத்துக்குள்ளேயே மாற்ற வேண்டும் என்றால் நேரம் முக்கியம். அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் மையர்ஸ் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் பிரபலம். தோற்றுக்கொண்டிருக்கும் அணி முதல் மாற்று வீரரை 58-வது நிமிஷத்துக்கு முன்னாலும், இரண்டாமவரை 73-க்கு முன்னாலும், மூன்றாமவரை 79-க்கு முன்னாலும் இறக்க வேண்டும் என்றது. மூன்று மாற்று வீரர்கள் மட்டுமே இருந்த காலத்துக் கணக்கு. 2020-ல் கொரோனாவுக்காகத் தற்காலிகமாக வந்த ஐந்து மாற்று வீரர்கள் விதி 2022-ல் நிரந்தரமாகிவிட்டது. கோல்கீப்பரை விட்டால் பாதி அணியையே மாற்றலாம். 'பிளான் பி இல்லை' என்பதற்கு இப்போது சாக்கு குறைவுதான்.

ஆனா இந்தியாவில் பெஞ்சில் யார் இருக்காங்க?

சங்கடமான கேள்வி. ஐ.எஸ்.எல்-லில் 2019-20-ல் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டு வீரர்கள் களத்தில் நிற்கலாம். 2021-22 முதல் நாலுதான். நல்ல விதி, நம்ம பையன்களுக்கு இடம் கிடைக்கிறது. பிரச்னை என்னவென்றால், அந்த நாலு இடத்தில் பெரும்பாலான கிளப்கள் முன்கள வீரர், கிரிவெல்லாரோ மாதிரி ஆட்டத்தை உருவாக்குகிறவர், நடுத் தடுப்பாளர் என்று முதுகெலும்பையே நிரப்பிவிடுகின்றன. 70-வது நிமிஷம் கோல் தேவைப்படும்போது, இறங்கவேண்டிய இந்திய ஸ்ட்ரைக்கர் அந்த சீசனில் அந்த இடத்தில் முழுசாகப் பத்து ஆட்டம் ஆடியிருக்க மாட்டார். அவரிடம் போய்த் திடீரென்று பிளான் பி கேட்கிறோம்.

தேசிய அணியிலும் இதே நோய். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. ஜூனில் சேத்ரி ஓய்வு பெற்றார். 2025 மார்ச்சில் மாலத்தீவுக்கு எதிராக, 40 வயதில், அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். அவரும் வந்து கோல் அடித்தார்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இந்தியக் கால்பந்தின் பிளான் பி, பிளான் ஏ-வே மறுபடியும் பூட்ஸ் கட்டிக்கொண்டு வந்ததுதான்.

இதற்கு வெளியே வர ஒரு சின்ன வழி, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஆடத் தெரிந்த உள்ளூர் வீரர்கள். எட்வின் சிட்னி வன்ஸ்பால் நல்ல உதாரணம். 2018-19-ல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டியிலும் இருந்தார், 2019-20-ல் இறுதிக்குப் போன சென்னையின் எஃப்.சி-யிலும் இருந்தார். வலது பின்வரிசையும் ஆடுவார், நடுக்களமும் ஆடுவார். இப்படி இரண்டு பேர் பதினொன்றுக்குள் இருந்தால், யாரையும் வெளியே எடுக்காமலேயே கோச் ஃபார்மேஷனை மாற்றலாம். ஹைலைட்ஸில் வரமாட்டார்கள். ஏலம், டிரான்ஸ்ஃபர் செய்தியிலும் தலைப்பு கிடைக்காது.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

ஏனென்றால் நேரம் சுருங்கிவிட்டது. கோய்லுக்கு 12 லீக் ஆட்டம் கிடைத்தது. அதில் நாலைப் பழகுவதற்குச் செலவழித்துவிட்டு, மீதி எட்டில் வசூலித்தார். அவரே 2023-ல் சென்னைக்குத் திரும்பி வந்து, முதல் சீசனில் பிளே-ஆஃப் வரைக்கும் கொண்டுபோனார். 2024-25-ல் 13 அணிகளில் 11-வது இடம். அதே மனிதர், அதே நம்பிக்கை. ஆனால் இந்த முறை திருப்பம் வரவில்லை.

அதன் பிறகு ஐ.எஸ்.எல்-லே நடக்குமா என்ற நிலை. உரிமை ஒப்பந்தச் சிக்கலில் 2025 ஜூலையில் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. கடைசியில் 2025-26 சீசன் 14 அணிகள், ஒரே சுற்று, ஆளுக்கு 13 ஆட்டம் என்று அறிவிக்கப்பட்டது. பழைய 24 ஆட்டத்தில் பாதிதான். கிரகரி-கோய்ல் கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். ஆறு ஆட்டம் தடுமாறி, புது யோசனை செட்டாக இன்னும் நாலு ஆட்டம் எடுத்தால், மிச்சம் மூன்று. அந்த மூன்றையும் வென்றாலும் 9 புள்ளிதான் கூடும்.

இவ்வளவு குட்டி சீசனில், மாற்றுத் திட்டத்தை நெருக்கடி வந்த பிறகு யோசிக்க முடியாது. அதை முதல் விசிலுக்கு முன்னாலேயே, பயிற்சி முகாமிலேயே ஏற்றிவைத்திருக்கணும். கதவு சாத்திய அணியை எப்படித் திறப்பது, முன்னிலையை எப்படிக் காப்பது, முக்கியமான ஆள் காயம்பட்டால் பந்து யார் காலுக்குப் போகும் என்ற மூன்றுக்கும் பதில் தயாராக இருக்கணும். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் ரொம்ப அவசரம். அதற்கு நம்ம கிளப்கள் இதுவரை பதில் வைத்திருந்த மாதிரி தெரியவில்லை.

எங்கள் குரூப்பில் ஒரு அண்ணன் இப்போது வேறு மாதிரி கேட்க ஆரம்பித்திருக்கிறார். மேட்ச் முடிந்ததும் ஸ்கோர் போடுவதில்லை. "இன்னிக்கு நம்ம எக்ஸ்ஜி எவ்ளோப்பா?" என்றுதான் மெசேஜ் வருகிறது. தோற்ற ராத்திரியில் அதைப் பார்த்தால் கடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எல்லாரும் போய்த் தேடிப் பார்க்கிறோம்.